வளைவில் மரத்துப்போன கால்

இளங்கோ,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். "இன்னா தேடிகினு இருக்கீங்க?" என்று உன் அம்மாவும் கேட்டுப் பார்த்துவிட்டாள். எதையும் தேடவில்லை. நீ என்னிடம் ஒன்று சொன்னாய், அதற்கு நான் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். திருத்திச் சொல்லலாம் என்றால் நீ ஊரில் இல்லை. போன் இருக்கிறது. ஆனால் போனில் உனக்கும் எனக்கும் சாப்பிட்டியா, வேலை எப்படி, கால் எப்படி, அங்கே மழையா என்பதைத் தாண்டி என்றைக்குமே பேச்சு வந்ததில்லை. எழுதினால் நடுவில் நீ "சரிப்பா, வெச்சிடறேன்" என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நீ தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாய். உன் அம்மாவிடம் "ஒன்னும் இல்லமா, புழுக்கமா இருக்கு" என்றாய். நான் பின்னாலேயே வந்தேன். குழாயடியில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். உதடு வெளுத்திருந்தது. நீயாகவே சொன்னாய். "மூணு ஆஸ்பத்திரி பாத்துட்டேன்பா. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. எல்லாமே நார்மல்னு சொல்றாங்க. ஆனா எனக்கு நார்மலா இல்லபா. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. மூச்சு உள்ள போவ மாட்டேங்குது. கையெல்லாம் மரத்துப் போவுது." இவ்வளவையும் நீ என்னிடம் சொன்னதே பெரிய விஷயம். அதற்கு நான், "நார்மல்னா சந்தோஷம்தானடா, அப்புறம் இன்னா?" என்றேன். "ஆமாம்பா" என்று சொல்லிவிட்டு நீ பக்கத்தில் நின்ற வண்டிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாய். அதற்கப்புறம் பஸ் ஏறும்வரை என் முகத்தை நீ சரியாகப் பார்க்கவே இல்லை.

வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது என் வலது கால் மரத்துப்போய் நான் பஸ் ஓட்டாமல் வீட்டில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். நீதான் தைலம் தேய்த்துவிட்டாய். வேலூருக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனதும் நீதான். யார் கேட்டாலும் "அப்பாக்கு டிஸ்க் பிராப்ளம்" என்று சொல்லுவாய். அது டிஸ்க் இல்லை. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். நீ பில் கட்டப் போயிருந்தாய், நான் டாக்டர் அறையில் இருந்தேன். வெளியே வந்து உன்னிடம் "டிஸ்க்காம்டா" என்று சொன்னது நான்தான். ஒன்றும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீ இத்தனை நாளாக அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். நடந்தது என்ன என்பதை இப்போது சொல்கிறேன்.

அப்போதும் நான் இதே ஆரணி - தேவிகாபுரம் ரூட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை டிரிப். பஸ் நிறையக் கூட்டம். கண்டக்டர் முருகேசன். ஏரிக்கரை வளைவு தாண்டும் இடத்தில் ஒரு பெண் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. கையைக் காட்டுவாள், நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவள் கையைக் காட்டவில்லை. பஸ் கிட்டே வந்ததும் ரோட்டில் இறங்கி நடுவில் வந்து நின்றாள். நான் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். டயர் கத்தியது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள். யாரோ கொண்டுவந்த தக்காளிக் கூடை கவிழ்ந்து தக்காளியெல்லாம் என் சீட்டுக்கு அடியில் உருண்டு வந்தது. பஸ் நின்றபோது அவளுக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாது.

முருகேசன் குதித்து இறங்கி ஓடினான். "ஏம்மா, கண்ணு இன்னா பொடனிலயா இருக்கு? போனு பாத்துகினே வந்துடறாளுங்க!" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்தவர்களும் ஆளாளுக்குத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஏனென்றால் அவள் கையில் போன் இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் குறுக்கே வருகிறவர்களை இத்தனை வருடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கையைத் தூக்குவார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள், பின்னால் குதிப்பார்கள். இவள் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, பஸ் ஏன் நின்றது என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மட்டும்தான் அந்தப் பார்வை தெரிந்தது. முருகேசன் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக விட்டுவிட்டு ஏறிக்கொண்டான். "ஜல்தி எடுணா, டைம் போச்சு" என்றான். எடுத்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் அவள் வரப்பில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள்.

தேவிகாபுரத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல டிரைவர், நல்ல பிரேக் என்று பேச்சு. முதலாளி போன் செய்து பாராட்டினார். வீட்டுக்கு வந்து தக்காளி உருண்ட கதையை நான் சொன்னேன், நீயும் உன் அம்மாவும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். யாருக்கும் அடிபடவில்லை, ஒரு உயிரும் போகவில்லை. அப்புறம் கலங்குவதற்கு என்ன இருக்கிறது? அவள் பார்த்த பார்வையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குள் பேச்சாகும், போலீஸ் என்பார்கள், யார் வீட்டுப் பெண் என்று தேடுவார்கள், அவளுக்குத்தான் அவமானம் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் அதே வளைவு வந்தபோது வலது கால் கனத்தது. ஈர மணல் மூட்டையைத் தொடைமேல் வைத்த மாதிரி. வளைவு தாண்டியதும் சரியாகிவிட்டது. பிறகு வளைவுக்கு முன்னாலேயே தொடங்கியது. அப்புறம் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்ததுமே. கடைசியில் ஒரு நாள் சேவூரில் நம் வீட்டுப் படியில் இறங்கும்போதே கால் என்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. கிள்ளினால் தெரியவில்லை. பிரேக் மிதிக்கிற கால் அது. பஸ் நிறைய ஜனம். நானே முதலாளியிடம் போய் "என்னால முடியாதுங்க, வேற ஆள போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஊசி, மாத்திரை, தைலம், கட்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் என் காது படவே, "நல்லாதான் நடக்கறாரு, ரெஸ்ட் எடுக்கறதுக்கு ஒரு சாக்கு" என்றான். அன்றைக்கு இருந்த கோபத்தில் அவனை அடிக்காமல் வந்ததே ஆச்சரியம்.

இங்கே நிறுத்திவிட்டு வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். எழுத எழுத உட்கார முடியவில்லை.

வேலூர் டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? "டிஸ்க் நல்லா இருக்கு. நரம்பும் நல்லா இருக்கு. சமீபத்துல மனசுக்குக் கஷ்டமா ஏதாவது நடந்துதா?" எனக்குச் சுருக்கென்றது. "காலு மரத்துப்போச்சுன்னு வந்தா மனச கேக்கறீங்களே. நான் பொய் சொல்றேனா? இல்ல பைத்தியமா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ரெண்டும் இல்லைங்க. உங்க கால் நெஜமாவே மரத்துப்போவுது, அத நான் நம்பறேன். மூளைக்கும் காலுக்கும் நடுவுல போற தகவல் தடுமாறுது. நீங்க வேணும்னு செய்யறதில்ல. காரணம் கால்ல இல்லாம இருக்கலாம்னுதான் சொல்றேன்" என்றார். 'இருக்கலாம்' என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஸ்கேனில் ஒரு கட்டி இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் போல, அப்படி ஒரு புத்தி. திரும்ப அங்கே போகவில்லை. உன்னிடம் டிஸ்க் என்றேன். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் நீ எப்படி நின்றாயோ, அப்படித்தான் நான் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன்.

வீட்டிலேயே கிடந்து எல்லார்மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் முருகேசன் வந்து, "சும்மா பேசஞ்சரா வாணா, எங்கூட வந்துட்டுப் போ, வீட்ல குந்திகினு இன்னா பண்ற?" என்று விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனான். தேவிகாபுரம் போய்விட்டுத் திரும்பும்போது நடுவில் ஒரு ஸ்டாப்பிங்கில் அந்தப் பெண் ஏறினாள். எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குக் கால் போய்விட்டது. இடுப்பிலிருந்து கீழே ஒன்றுமே தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சொன்னதை அன்றைக்குத்தான் என் உடம்பே எனக்குக் காட்டியது.

ஆரணியில் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்க முடியாமல் படியில் தடுமாறினேன். அவள்தான் திரும்பி வந்து என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிடித்த பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "நீங்கதான அன்னைக்கு ஓட்டினீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் பாத்து வரல. தப்பு என்னுதுதான்ணா."

"நீ பாத்துதாம்மா வந்த" என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவள் முகம் அப்படியே நொறுங்கிப்போனது. பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் உட்கார்ந்தோம். அவள் பட்டுப்புடவைக் கடையில் புடவை மடித்துக் காட்டும் வேலைக்குப் போகிறவள். வேலைக்கு நேரமாகிறது என்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் நடந்தது என்ன என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. தாங்க முடியாத அளவுக்கு நடந்திருக்கிறது, அவ்வளவு போதும். "யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேன்ணா. எல்லாரும் போனு பாத்துகினு வந்தான்னு சொல்லிகினு இருந்தாங்க. அதுவே நல்லதுன்னு உட்டுட்டேன். ஆனா அன்னையிலேர்ந்து சோறு எறங்க மாட்டேங்குது. பஸ்ஸு பிரேக் சத்தம் கேட்டா வயித்த பெரட்டுது" என்றாள்.

"எனக்கு காலு வரலம்மா. வண்டிய உட்டு எறங்கிட்டேன்."

"என்னாலயா?" என்று பதறிப்போனாள்.

"உன்னால இல்ல. எனக்கு நீ எப்டி இருக்கியோன்னுதான் ஓடிகினு இருந்துது. மறுபடியும் எங்கியாவது போயி நின்னியோன்னு. யார் கிட்ட கேக்கறது?"

"யார் கிட்டயும் சொல்லலியா? தனியாவா வெச்சிகினு இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பேக்கரிக்காரர் என்ன நினைத்தாரோ, டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "சில நாள் பரவால்ல. சில நாள் இல்ல" என்றாள். கலசப்பாக்கத்தில் இருக்கும் அக்காவிடம் மட்டும் சொன்னாளாம். அந்த அக்காதான் கூடவே இருந்து அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ பாரம் இறங்கியது. ஆனால் நான் எழுந்து ஓடவில்லை இளங்கோ. கால் அப்போதும் கனமாகத்தான் இருந்தது. கதையில் வருகிற மாதிரி ஒரு டீ குடித்ததும் சரியாகிவிடவில்லை.

அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "இத்தினி நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்பதுதான். அந்தக் கேள்வி அடி மாதிரி விழுந்தது. பிறகு நானே வேலூருக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லிக் காட்டவில்லை. காலுக்குப் பயிற்சி சொன்னார், மூச்சுப் பயிற்சி சொன்னார், பேசுவதற்கு ஓர் ஆளிடம் அனுப்பினார். முதலில் காலி பஸ்ஸை மைதானத்தில் ஓட்டினேன். அப்புறம் முருகேசன் பக்கத்தில் உட்கார ரூட்டில் வெறும் வண்டியாக. பஸ் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு அந்த வளைவைத் தாண்ட மாதக்கணக்கில் ஆனது. இன்றைக்கும் மனசு சரியில்லாத நாளில் அங்கே கால் லேசாகக் கனக்கும். அது எனக்கு இப்போது தெரிந்த சங்கதி, அதனால் பயம் இல்லை. அந்தப் பெண் இப்போதும் சில நாள் என் பஸ்ஸில் வருகிறாள். திங்கட்கிழமை அவளிடம், என் மகனுக்கு இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு மட்டும் வேணாம்ணா. தம்பிக்கு ஒதவும்னா எழுதுங்க" என்றாள்.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் மனசுதான் என்று நீ ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடாதே. நீ சென்னைக்கு வேலைக்குப் போன புதிதில் உன் அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது. "புள்ளைய நெனச்சி நெனச்சிதான் வலிக்குது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் என் கால் கதையை நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். கடைசியில் பார்த்தால் பித்தப்பையில் கல். அதனால் நீ மூன்று ஆஸ்பத்திரி போனது சரி. மறுபடி நெஞ்சு படபடத்தால் மறுபடி போ. நான் சொல்வதெல்லாம் இதுதான்: நார்மல் என்று அவர்கள் சொன்னதும் உண்மை, உனக்கு மூச்சு முட்டுவதும் உண்மை. நீ நடிக்கவில்லை. நான் குழாயடியில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றைக் கேட்பதா வேண்டாமா என்று மூன்று நாளாகத் தவிக்கிறேன். உன்னோடு ரூமில் இருக்கும் சதீஷைப் பற்றி முன்பெல்லாம் உன் அம்மாவிடம் போனுக்குப் போன் பேசுவாய். சதீஷ் குழம்பு வைத்தான், சதீஷ் பைக் வாங்கினான் என்று. சில மாதமாக அந்தப் பெயரே வரவில்லை. உங்களுக்குள் சண்டையா என்று உன் அம்மா கேட்டதற்குக்கூட நீ பேச்சை மாற்றினாய்.

இந்த இடம் வரை எழுதி வைத்திருந்தேன். அப்போதுதான் நீ போன் செய்தாய். வழக்கம்போல, "காலு எப்டிபா இருக்கு?" என்றாய். நான் என்றைக்கும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வேன். இன்றைக்கு, "காலையில வளைவுல கொஞ்சம் கனமா ஆயிடுச்சிடா. ரெண்டு மூணு நாளா உன்ன நெனச்சிகினே ஓட்டறேன்" என்றேன். போனை வைத்துவிட்டாயோ என்று பார்த்தேன், இல்லை.

"அப்பா."

"சொல்றா."

"சதீஷ் செத்துட்டான்பா. தீபாவளிக்கு முன்னாடி. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குதுடான்னான். காலையில ஆஸ்பத்திரி போலாம், இப்போ படுடான்னு நான்தான்பா சொன்னேன். காலையில எழுப்பினேன். எந்திரிக்கல."

நீ பொங்கலுக்கு வந்தாய், சிரித்தாய், உன் தங்கச்சி பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினாய். அப்போதெல்லாம் இது உன் நெஞ்சுக்குள் இருந்திருக்கிறது. ஏன்டா சொல்லவில்லை என்ற கேள்வி என் நாக்கு வரைக்கும் வந்தது. அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும், அதனால் விழுங்கிவிட்டேன். நீ அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான் வரேன்டா" என்றேன். நீ வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். உன் அம்மா பையில் துணி எடுத்து வைக்கிறாள், அவளுக்கு இன்னும் பாதிதான் தெரியும், மீதியை நீயே சொல். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வருகிறேன். நான் இல்லாதபோது படி. நீ செய்தது தப்பா சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நீ பேசினால் நடுவில் சமாதானம் சொல்லி உன் வாயை அடைக்க மாட்டேன். பேசாவிட்டால் உனக்குச் சமைத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். சதீஷ் படுத்திருந்த இடத்தைத் தாண்டித் தாண்டித்தான் நீ இத்தனை மாதம் போய்வந்திருப்பாய். எனக்கு வேறு எங்கேயும் இடம் ஒழிக்காதே. அங்கேயே பாயைப் போடு, நான் படுத்துக்கொள்கிறேன்.

அப்பா